நாற்பத்தொன்றாம் கழி

டான்யூப் கருங்கடலில் தொலைந்துபோகும் இடத்தில்
வரைபடம் ஆண்டுதோறும் பொய்யாகிவிடும்.
அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு படகு, ஒரு கட்டுக் கழிகள்,
போன வசந்தத்தில் கடலாயிருந்ததை
இந்த வசந்தத்தில் மிதித்துப் பார்க்கும் வேலை.

ஏதோ ஒரு ஜெர்மானியக் காட்டின் இலைமக்கு,
வியன்னாவின் சாக்கடை,
யாரோ உழுத ஹங்கேரிய வயலின் மேல்மண்,
எந்தப் பாலத்தின் துருவோ,
எல்லாம் இங்கே வந்துதான் களைத்துப் படுக்கின்றன.
முதலில் தண்ணீரில் ஒரு நிறம்.
பிறகு படகின் அடியில் ஓர் உரசல்.
பிறகொரு நாள் நடுக்கடலில்
கூழைக்கடா ஒன்று நின்றுகொண்டிருக்கும்,
நீந்தாமல்.

லிபோவான் ஊர்க்காரி அன்ஃபீசா
கேட்காமலே படகில் ஏறினாள்.
மடியில் துணி சுற்றிய கிண்ணம்,
தேன் விட்ட கோதுமை.
"தேவாலயக் கூரைக்குப் பின்னால்
கலங்கரை விளக்கு மறைய வேண்டும்.
இடத்தோளுக்கு நேரே தண்ணீர்த் தொட்டி.
அங்கே நிறுத்து."
முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்
ஸ்டர்ஜன் வலையோடு தெரெந்தி போன இடம்.
அப்போது நாலு ஆள் ஆழம்.
தேடியவர்கள் துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.
அதுவும் அவனுடையதில்லை என்கிறாள்.

இறங்கினோம். கணுக்கால்வரை சேறு,
அப்புறம் இறுகிய மணல், முளைவிட்ட கோரை.
யாருடைய மாடோ எங்களுக்கு முன்பே வந்து
மேய்ந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. திட்டினாள்.
"என் அப்பாவின் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனான்.
கரை சேரத் தெரியாதவன்."
குனிந்து மண்ணைத் தட்டினாள்,
வெந்த ரொட்டியின் அடியைத் தட்டிப் பார்ப்பதுபோல்.
"கரைதான் வரவேண்டியிருந்தது. பார், எவ்வளவு மெதுவாக."

கோதுமையில் பாதியை மண்ணில் கொட்டினாள்.
மீதியை எனக்குத் தந்தாள். கரண்டி ஒன்றுதான்.
மாடு கிட்டே வந்தது. விரட்டவில்லை.

அளவுநாடா சொன்னபடி
நாற்பத்தொன்றாம் கழி
அவள் நின்ற இடத்தில் இறங்கவேண்டும்.
இரும்பு முனை. ஒன்றரை அடி போகும்.
சுத்தியலோடு நின்றேன்.
"ஏன் நிற்கிறாய்?" என்றாள்.

துறையின் ஏட்டில் அந்த ஆண்டு
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
கரை சற்றே கோணலாக இருக்கும்.
காரணம்: வண்டல் படிவு சீரற்றது, என்று எழுதினேன்.
மேலதிகாரி கையெழுத்திட்டார்.

அடுத்த வசந்தத்தில்
கடல் இன்னும் நூறு அடி தள்ளிப் போயிருந்தது.
அங்கிருந்து அலை தெரியவில்லை.
கோரைக்கு அப்பால் எங்கேயோ
கேட்கத்தான் செய்தது.