ஐந்து பத்து மேடு

இந்தியானாவில் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் ஒரு நகரம்.
பெரிதுமில்லை, சிறிதுமில்லை.
விமான நிலையம் உண்டு,
எங்கே போவதானாலும் சிகாகோவில் மாறவேண்டும்.

அந்த ஊர் வளர்கிறதா என்று
வணிகக் கழகம் காலாண்டுக்கொரு முறை
கோழிக்கறி மதிய விருந்தில் அறிவிக்கும்.
லொரெட்டா பின்ஸ்கிக்கு அதற்கு முன்பே தெரியும்.
கழிவுநீர் நிலையத்தில் இரவுப் பணி.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
சாக்கடையில் முடியாது.

பதினாறு வருடம்.
அச்சகம் மூடப்போவதைச் செய்தித்தாள் எழுத
ஐந்து வாரம் இருக்கையில்
நீல மை வருவது நின்றது.
'தொட்டி தெளிவாக இருக்கிறது' என்று பதிந்துவிட்டு
வெகுநேரம் பேனாவை மூடாமல் இருந்தாள்.

தயிர் ஆலை திறந்தபோது முதலில் வந்தது வாடை.
நாடா வெட்டியது பிறகுதான்.
படத்தில் எல்லோரும் கத்தரிக்கோலோடு சிரித்த வாரம்
தொட்டியின் கிருமிகளுக்கு அஜீரணம்,
நுரை ஆளுயரத்துக்கு எழுந்து
நடைபாதையில் வழிந்தது.
இரண்டு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை.
முதலீடு என்றால் என்ன என்று அவளைக் கேளுங்கள்,
நுரை என்பாள்.

திரையில் தினமும் ஒரே கோடு.
மூன்று மணிக்குப் பள்ளம்.
ஏழுக்கு மேடு: ஊர் குளிக்கிறது.
பந்தாட்ட ஞாயிறுகளில்
இடைவேளைக்கு ஓர் ஊசிமுனை
(அதை விளக்க வேண்டாம்).

போன மார்ச்சில் ஐந்து பத்துக்கு
சின்னதாக ஒரு மேடு முளைத்தது.
கருவிக் கோளாறு என்றார் மேலாளர் டுவேன்.
மறுநாளும் ஐந்து பத்து. அதற்கு மறுநாளும்.
ஞாயிறு மட்டும் இல்லை.
"கருவிக்கு ஞாயிறு தெரியுமா?" என்றாள்.

விடுப்பு நாளொன்றில் இருட்டோடு எழுந்து
வடக்குச் சாலையில் காரை ஓட்டிப் பார்த்தாள்.
மூன்றாண்டு பூட்டிக் கிடந்த அடுக்ககத்தில்
ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சம்.
கீழே வேனுக்குக் காத்து நிற்கிறார்கள்,
பர்மாவிலிருந்து வந்தவர்கள், ஹெயிட்டிக்காரர் இரண்டு பேர்.
லாரி இருக்கை தைக்கும் ஆலை, ஆறு மணி ஷிப்ட்.
ஒரு பெண், பெயரட்டையில் நோ மூ பாவ்,
ஈரக் கூந்தலைக் கம்பளித் தொப்பிக்குள்
திணித்துக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லலாம்.
என்னவென்று?
உன் குளியல் தண்ணீரை எனக்குத் தெரியும் என்றா?
வண்டியைத் திருப்பினாள்.

அக்டோபரில் நகரமன்றம் கூப்பிட்டது.
தெற்கே சோளக்கொல்லையில் தரவு மையம்.
நூறு கோடி டாலர். இருபது வருட வரிச்சலுகை.
டுவேனுக்கு முதுகுவலி, அதனால் இவள்.
நான்கு நிமிடம்.

"நம் நிலையத்தில் இடம் இருக்கிறதா?"
"இருக்கிறது. நாளைக்கு
இன்னும் ஒன்றரைக் கோடி கேலன் தாங்கும்."
கைதட்டினார்கள்.
இன்னும் இரண்டு நிமிடம் மீதியிருந்தது.
"அங்கே எத்தனை பேர்
குளித்துவிட்டு வேலைக்கு வருவார்கள்?"

கோட்டுக்காரர் காகிதத்தைப் புரட்டினார்.
முப்பத்திரண்டு.
பிறகு, முப்பத்தைந்து வரைகூடப் போகலாம்.

சோப்பில்லாத, முடியில்லாத,
ஒரு சோற்றுப் பருக்கையில்லாத வெந்நீர்
குழாய் நிறைய வருவதை
அவள் அங்கேயே பார்த்துவிட்டாள்.
சொல்லவில்லை. மணி அடித்தது.
ஒன்பதுக்குப் பூஜ்யம், தீர்மானம் நிறைவேறியது.

அன்றிரவும் பணி இருந்தது.
மழையில்லை. பம்பு நான்கில் லேசான முனகல்.
ஐந்தானதும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துத்
திரைமுன் போய் நின்றாள்.
ஐந்து எட்டுக்கே கோடு தலைதூக்கியது.

இரண்டு நிமிடம் முன்னதாக, என்று எழுதினாள்.
யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள்.
அல்லது
ஷிப்ட்டை முன்னால் தள்ளிவிட்டார்கள்.