ஏழரை

விண்ணப்பத்தின் கடைசி வரி:
தொலைபேசியில் நேரம் கேட்டுப் பெறவும்,
காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை.
திக்குவாய்க்காரி நான்.
மூன்று தரம் அழைத்தேன்.
மூன்று தரமும்
தாட்சாயினி என்கிற பெயரின் முதல் எழுத்தில்
நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்க
அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றுவிட்டு
வைத்துவிட்டார்கள்.

நாலாம் தரம் நேரே போனேன்.
பேர்ன், லெங்காஸ, மழை, மூன்றாம் மாடி.
ஸ்பின்டன் என்கிற பெண்மணி கதிரையைக் காட்டினார்.
சான்றிதழ் எட்டு மாதம் பழசாம்,
ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டுமாம்.
நாலு வயதிலிருந்து இருக்கிறது என்றேன்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
பேனாவை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டார்.
புதிதாய் எடுக்க நூற்றெண்பது பிராங்.
என் திக்கலுக்கும் பால் பெட்டியைப் போல
ஒரு காலாவதித் தேதி.

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினா.
"ஊனம் எண்டு எழுதிப்போட்டால்
பிறகு அழிக்கேலாது பிள்ளை.
நீ வடிவாத்தானே கதைக்கிறாய்."

வடிவாகத்தான் கதைக்கிறேன்.
பொல்லாத சொல் ஒன்று வரப்போவது
மூன்று சொல் முன்னமே தெரிந்து
வேறு தெருவால் திரும்பிவிடுகிறேன்.
தண்ணீர் கேட்பதில்லை,
குடிக்க ஏதாவது என்பேன்.
திக்கு என்றால் திசையும்தான்.
எனக்கு எல்லாத் திசையும் சுற்றுப்பாதை.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது.
வாய்மொழித் தேர்வு முப்பது நிமிடம்,
கூடுதலாய்க் கால் பங்கு,
ஆக ஏழரை நிமிடம்.
"ஏழரையோ?"
அம்மா நெஞ்சில் கை வைத்தா.
"எட்டாக்கித் தரச் சொல்லிக் கேளன்."
அப்பாவுக்குச் சிரிப்பில் தேநீர் புரைக்கேறியது.

கீழே இன்னொரு வரி.
நான் கேட்காதது, ஸ்பின்டன் தானாகச் சேர்த்தது:
தேர்வாளர் மாணவியின் சொல்லை
அவருக்காக முடித்துவைக்கக் கூடாது.
அதை வீட்டில் வாசித்துக் காட்டவில்லை.
இருபத்தொரு வருடம் என் சொற்களை
அன்போடு முடித்துத் தந்தவர்கள்
எதிரே இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன். ஒப்பந்தச் சட்டம்.
மௌனம் எப்போது சம்மதம் ஆகும்?
இதையா கேட்க வேண்டும் என்னிடம்.
விடை தெரியும். விடையின் முதல் சொல்லில்
அடைத்துக்கொண்டது.
பேராசிரியர் நிடெகர் வாய் திறந்தார்,
மூடினார்,
யன்னலைப் பார்த்தார்.
பதினொரு வினாடி
அந்த அறையில் யாரும் என்னைக் காப்பாற்றவில்லை.
பிறகு சொன்னேன்.
முழுச் சொல்லும், என் வாயால்.

நாலு நிமிடம்தான் செலவாகியிருந்தது.

கீழே பேக்கரியில், கண்ணாடிக்குள், டோர்ட்டே.
முதல் பருவத்திலிருந்தே கண் வைத்தது.
எனக்குப் பின்னால் ஆறு பேர்,
ஒருவர் சில்லறையைக் குலுக்குகிறார்.
"கிப்ஃபெலி ஒன்று" என்றேன், தடங்கலே இல்லாமல்.
மிச்ச மூன்றரை நிமிடத்தை
எங்கே மாற்றுவது என்று தெரியாமல்
பஸ் தரிப்பில் நின்று
அதைத் தின்றேன்.