மூன்றடி

குழித்துறை கோர்ட்டில் பதினோரு வருசம்.
தீர்ப்பு: நடவழி மூன்றடி.
நான் கொடுப்பேன் என்றது இரண்டு,
ரோஸ்லெட் கேட்டது ஆறு.

அந்த வாரமே கய்யாலையை ஏற்றிக் கட்டினேன்,
சர்வேயர் அடித்த குற்றியை உரசி,
ஒரு விரல் விடாமல்.

இப்போது கேஸ் வண்டி
சானல் பாலத்தோடு திரும்பிவிடுகிறது.
அவள் சிலிண்டரும் என்னுடையதும்
அயனிமூட்டில் ஒட்டி நின்று வெயில் காய்கின்றன.

இன்று அவள் முன்னால் உருட்டிப் போகிறாள்.
ரப்பர்ப்பால் கறை பிடித்த நைட்டி.
கல்லில் தட்டும்போதெல்லாம் 'யேசப்பா'.
பின்னால் நான், என்னுடையதை உருட்டிக்கொண்டு.
ஏற்றத்தில் அவள் நிற்கிறாள், மூச்சு வாங்க.

'வழி விடு' என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சிலிண்டர் பின்னால் உருளாதிருக்க
காலை முட்டுக்கொடுத்து
நிற்கிறேன்.