பன்னிரண்டு படுதா

சீட்டு எடுத்த பணம்,
தள்ளு போக முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
அது கைக்கு வந்த அன்றைக்கே
ஊருக்குத் தெரிந்துவிட்டது
நான் என்ன தொழில் தொடங்க வேண்டும் என்று.

"பேரே தையல்நாயகி.
மிஷின் வாங்கிப் போடு, யோசிக்க என்ன இருக்கு?"
வைத்தீஸ்வரன்கோயில் அம்மனுக்கு நேர்ந்து வைத்த பேர்.
எனக்குப் பொத்தான் கட்டவும் வராது.

மாவு அரைத்து விற்கலாம் என்றாள் ஓரகத்தி.
கரண்டு போனால் புளிக்கும்,
போகாவிட்டாலும் சாயங்காலம் புளிக்கும்.
எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று வீட்டு மாவு
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கிறது.
ஆடு என்றார் வீட்டுக்காரர்.
மேய்க்கப்போவது யார் என்று சொல்லவில்லை.
ஜெராக்ஸ் என்றான் தம்பி.
கொரடாச்சேரி கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று எண்ணினேன்:
நான்கு ஆதார் அட்டை, ஒரு சாதிச் சான்றிதழ்,
பாக்கி நேரமெல்லாம் கடைக்காரர் கொட்டாவி.

மூன்று வாரம்
பணத்தை எடுத்து எண்ணி எண்ணி வைத்தேன்,
எண்ணுவதால் கூடிவிடாது என்று தெரிந்தும்.

புரட்டாசியில் கொள்முதல் நிலையத்துக்கு
அவருக்குச் சோறு கொண்டுபோனேன்.
குத்தகை நிலத்துக் குறுவை.
வரிசையில் நாலாவது நாள்.
தார் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய மட்டும் குவியல்.
பொன்னிறம் என்று யாரும் சொல்லவில்லை,
பதினேழா பதினெட்டா என்றுதான் பேச்சு.
பட்டியல் எழுத்தர் கருவியில் ஒரு பிடி போட்டு
உதட்டைப் பிதுக்கினால்
மறுபடி கிளறல், மறுபடி காய்ச்சல், மறுபடி காவல்.

மேற்கே ஒரு மேகம் கறுத்தது.
இருநூறு தலை ஒன்றாய் நிமிர்ந்தது.
அப்போது கண்டுகொண்டேன்
என் சரக்கை.

கும்பகோணத்தில் பேரம் பேசி
இருபத்துநான்குக்குப் பதினெட்டு அடி, நீலம்,
ஒன்று இரண்டாயிரத்து நானூறு. பன்னிரண்டு.
கயிறும் ஆட்டோவும் ஆயிரத்து ஐந்நூறு.
நாள் வாடகை அறுபது.
நாற்பது நாள் எல்லாமும் விரிந்து கிடந்தால்
போட்ட முதல் வீடு வந்து சேரும்.
கிழிந்தால் யார் பொறுப்பு என்று
நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.
வெயில் அடித்தால் படுதா மடிந்தே கிடக்கும்.
மழை வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை,
வேண்டாம் என்று கேட்கவும் வரவில்லை.
வானிலை அறிக்கையைப் போனில் பார்ப்பேன்,
அவர் பார்க்காதபோது.

பதினோராம் நாள் ராத்திரி பிடித்துக்கொண்டது.
பன்னிரண்டும் போயிருந்தது.
கடைசியை எடுத்துப்போனவர் சவரிமுத்து,
வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டார்.
எங்கள் குவியலின் மேல்
சாக்கு, கட்டில் விரிப்பு,
எவர் கல்யாணத்துக்கோ அடித்த ஃபிளக்ஸ்.
மணமக்கள் சிரித்தபடி நனைந்தார்கள்.
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
"ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம்ல" என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
பத்தடி தள்ளி, என் படுதாவுக்குள்
சவரிமுத்துவின் நெல் தூங்கியது.
அதன் மேல் மழை விழும் சத்தம் மட்டும்
என்னுடையது.

விடிந்ததும் கயிறு அவிழ்த்து, உதறி, மடித்து
எழுநூற்று இருபது ரூபாய் எண்ணினேன்.
எங்கள் நெல்லுக்குக் கருவி இருபத்திரண்டு காட்டியது.
வரவுப் பக்கம் எழுதியாயிற்று.
செலவுப் பக்கத்தில்
என்னவென்று எழுதுவது அதை?

மீதி எட்டாயிரத்து இருநூறு இருக்கிறது.
பதின்மூன்றாவது ஒன்று வாங்க வேண்டும், எங்களுக்கென்று.
வாங்கினாலும்
அதையும் கேட்டு ஒருத்தர் வருவார்,
கையில் அறுபது ரூபாயோடு,
என் முகத்தைப் பார்க்காமல்
வானத்தைப் பார்த்துக்கொண்டு.