முனையில் ஒரு சாண்

நாட்காட்டிக்கு நான்கு வரி கேட்டார்கள்.
நூறாவது ஆண்டு. மாதத்துக்கு ஒரு படம்,
டிசம்பரில் குடும்பம்.
மாமா ஆல்சீட் மூன்று வரியைத் தானே தந்துவிட்டார்:
ஒரு கோடரி,
ஒரு குதிரை,
கடின உழைப்பு.

கோடரி இருந்தது. குதிரை இரவல்.
உழைப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

செயின்ட் ஜான் ஆற்றில் பனி உடைந்த ஏப்ரலில்
மேல்காட்டுக் கம்பெனியின் மிதவைச் சங்கிலி அறுந்தது.
ஸ்ப்ரூஸ் மரங்கள், பட்டி கலைந்த மாடுகளாய்,
தியோதீம் டேகிளின் உருளைக்கிழங்கு வயலில்
ஏறிப் படுத்துக்கொண்டன.
ஒவ்வொன்றின் முனையிலும் சுத்தியல் அடித்த குறி:
வட்டத்துக்குள் காக்கைக்கால்.
திருப்பிக் கொடுத்தால் மரத்துக்குப் பத்து சென்ட்.
தேவாலயத்தில்கூட வாசித்தார்கள்.

ஆற்றோடு வந்ததுதானே என்றார் தியோதீம்.
ஒசீத் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மாதம் அவளுக்கு.
ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தாள்.

இந்த முனையில் ஒரு சாண், அந்த முனையில் ஒரு சாண்.
அவ்வளவுதான், ஒரு மரம் யாருடையது என்பது.

அறுத்த வில்லைகளை அடுப்பில் வைத்து
ஆகஸ்டு வரை மீன் பொரித்தார்கள்.
ஒன்று மட்டும் தப்பியது,
தொட்டிலுக்கு முட்டுக் கொடுக்க.
பிறகு கோழிக்கூட்டுக் கதவுக்கு.
இப்போது என்னிடம்.

அந்த வருடம் வயலில் கிழங்கு இல்லை, பலகை.
பலகை விற்று நீராவி இயந்திரம், பழையது,
விடியலில் கிழவன்போல் இருமும்.
அதற்குப் பின் எல்லாம் ஒழுங்கான ரசீது:
பள்ளிக்கூடத்துக்குத் தரை, பாதிரியாருக்கு வேலி,
போருக்கு வெடிமருந்துப் பெட்டி,
ஐம்பத்தொன்றில் தீ, காப்பீடு, இரட்டை ரம்பம்.
மேல்காட்டுக் கம்பெனி நொடித்தபோது
அதன் காட்டையும் நாங்களே வாங்கினோம்.
சாமான் பெட்டியில் அந்தச் சுத்தியலும் வந்தது.
அலுவலகத்தில் காகிதம் பறக்காமல் காக்கிறது.
ஆல்சீட்டுக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

போன வாரம் எங்கள் அடுக்கில் பதினோரு மரம் காணோம்.
மாமா போலீசுக்குப் போன் செய்தார்.
நியாயத்தில் அவர் குரல் நடுங்கியது,
நானும் கோபப்பட்டேன், உண்மையாகவே.

நான்காம் வரி எழுதிக் கொடுத்துவிட்டேன்:
எல்லாம் இந்த ஆற்றங்கரையில் தொடங்கியது.
பொய்யில்லை.

எல்லாரும் போன பிறகு
சுத்தியலை எடுத்து மேசையில் ஒருமுறை தட்டினேன்.
ஸ்ப்ரூஸ் மேசை. குறி ஆழமாய் விழுந்தது.
அதன்மேல்
இந்த மாத ரசீதுகளை வைத்தேன்.