சதுப்பு-7

குந்தாவுக்கு மேலே, வாட்டில் காடு முடிந்து
தேயிலை தொடங்குமுன்
ஒரு கிண்ணம் ஈரம்.
வரைபடத்தில் பெயரில்லை.
என் தாளில் சதுப்பு-7,
ஒன்று புள்ளி நான்கு ஹெக்டேர்.

காலை ஒன்பதரை. கோரையைப் பனி இன்னும் விடவில்லை.
பெள்ளன் முன்னே போகிறார்,
ஒப்பந்தக் காவலர், மூன்று மாதமாய்ச் சம்பளம் வராதவர்.
நீளக் கம்பால் குத்திப் பார்த்து
"இங்க மிதிங்க, அங்க வேணாம்."
போன வருஷம் ஒரு எருமையை
ஐந்து பேர் கயிறு போட்டு இழுத்த இடம் அது.

வெயில் வந்தால்தான் எழும்.
மேகம் மூடினால் புல்லாகிவிடும்.
ஒரு ரூபாய் அகலம், பழுப்பு,
பின்சிறகு ஓரத்தில் மட்டும்
தகரத்தைக் கீறினாற்போல் ஒரு வெள்ளிக்கோடு.

பிடித்து, மூச்சு படாமல்
சிறகின் அடியில் மையால் எண் போட்டு விட்டோம்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
அதற்குள் மேகம்.

மறுநாள் ஆறு முறை பார்த்தோம்.
ஆறு முறையும் நான்கு.
"எங்க ஊருக்கு வர ஒத்தை பஸ்ஸு மாதிரி" என்றார் பெள்ளன்.

கேரட் தோட்டத்துப் போஜன் வரப்பில் நின்று கேட்டார்:
இந்தப் பூச்சிக்கு எவ்வளவு தண்ணி வேணும்?
எனக்குத் தெரியவில்லை.
தனக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்:
மூன்று அங்குலக் குழாய்,
கரண்ட் இருக்கும்வரை.

ஆறாம் நாள், மழைக்கு முன் பத்து நிமிட வெயில்.
என் பூட்ஸ் சேற்றில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
குனிந்தேன். சிறகை மூடித் திறந்தது, மறுபடி மூடியது.
மை இல்லை.

எண்ணில்லாத ஒன்று.
பள்ளியில் அந்தச் சொல்லுக்கு 'ஏராளம்' என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த சதுப்பு மலைக்கு அந்தப் பக்கம்.
இடையில் மூன்று கிலோமீட்டர் தேயிலை,
ஒரு தார்ச்சாலை, பேக்டரிப் புகை.
அதையெல்லாம் தாண்டி வந்ததா,
இன்று காலை இங்கேயே பிறந்ததா?
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

வலை பெள்ளனிடம். பெள்ளன் அக்கரையில்.
கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை.

நான்காம் எண்ணை அதன்பின் பார்க்கவில்லை.
கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.
கம்பு குத்திய குழிகளில்
ஒவ்வொன்றாய்த் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது,
இன்னும்.