பாரம்

ரெங்கம் கிளினிக்குக்குச் சர்க்கரை பார்க்கத்தான் போனேன்.
குத்திய விரலைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டிருந்தபோது
மேசையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தாள்
மிஸ்ஸி ரோஸ்னானி.
ஒன்பது கேள்வி.

கடந்த இரண்டு வாரத்தில் என்றுதான் எல்லாமே தொடங்கின.
எனக்கு வாரக்கணக்கு தெரியாது.
சம்பள நாள் தெரியும்,
செம்பனையடியில் உதிரி பொறுக்கிக் கட்டிய
மூட்டைகளின் எண்ணிக்கை தெரியும்.

தூக்கம்?
மூன்று மணிக்கு மகன் மோட்டாரை உதைப்பான்,
சிங்கப்பூர் வேலைக்கு.
அந்தச் சத்தத்தின் பின்னாலேயே
லாயாங் லாயாங் வரைக்கும் போய்த் திரும்புவேன்
படுத்தபடியே.

ஒரு பெட்டியில் கோடு போட்டாள்.

அடுத்த கேள்விக்கு அவளுக்குத் தமிழ் எட்டவில்லை.
தீம்பாருக்குப் பக்கத்துக் கம்பத்துப் பிள்ளை,
எங்கள் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்த தமிழ்.
பேனாவைக் கடித்தாள். பிறகு கேட்டாள்:
"அக்கா, மனசு பசியாறிச்சா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

தீபாவளிக்கு முன்னாலிருந்து
ரேடியோவைத் திருகவில்லை என்று சொன்னேன்.
மீன் குழம்பில் புளி விட மறந்ததை,
மறந்தது தெரியாமலே
மூன்று பேரும் தின்று எழுந்ததை.

அதற்குப் பெட்டி இல்லைபோல.
தாளின் ஓரத்தில் மலாயில் எழுதினாள்,
நீளமாக.

சர்க்கரை ஏழு புள்ளி இரண்டு. பரவாயில்லையாம்.
இருந்தும் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள்.

மண்டோரிடம் என்ன சொல்லி லீவு கேட்பது?
பஸ் முழுக்க அதே யோசனை.
பல்வலி என்று சொல்லிவிடலாம்.
பல்வலி என்றால்
யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.